பொம்மைக்கு முழுக்கை

மிச்சத்துணியைத் தீர்க்கப் போகிறேன் என்று எந்தப் பெண்ணாவது ஊசியைக் கையில் எடுத்தால், தயவுசெய்து அவளை நம்பாதீர்கள். சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். இட்லி மிஞ்சினால் உதிர்த்து உப்புமா பண்ணலாம். துணி மிஞ்சினால் மட்டும் அது குட்டி போடும். இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் மட்டும் பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணம் ஆகாமல் தவித்துக்கொண்டிருந்த என் கொழுந்தனாரையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் போனில் பார்த்த ஒரு வீடியோ. ஏதோ ஒரு குளிர்நாட்டு அம்மாள், துண்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, மேலே ஓட்டுத்தையல் போட்டு ஒரு போர்வை தைத்தார். ‘குயில்ட்’ என்று அதற்குப் பெயர். வீட்டில் கிடக்கும் மிச்சத்துணியைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்று சிரித்த முகமாகச் சொன்னார். என்னிடம் அப்போது ஒரே ஒரு பை மிச்சத்துணி இருந்தது. ஜாக்கெட் தைத்தது, மகளுக்குப் பாவாடை தைத்தது, அப்படி.

அதைச் சதுரமாக வெட்டினால் ஓரமெல்லாம் முக்கோணமாக மிஞ்சியது. சிவப்பு பத்தவில்லை என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு பஸ் ஏறிப் போனால், கடைக்காரர் ஒரு மீட்டருக்குக் குறைந்து கிழிக்க மாட்டேன் என்றார். எனக்கு வேண்டியது ஒரு முழம். சிவப்பு மிஞ்சியது. மிஞ்சிய சிவப்புக்குப் பொருத்தமாக மஞ்சள் வாங்கினேன். (சிரிக்காதீர்கள், எடுக்கும்போது அது நியாயமாகத்தான் தெரிந்தது.) போர்வை முடிந்தபோது ஒரு பை மூன்று பையாகியிருந்தது. அந்த அம்மாள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போர்வை என்னவோ அழகாகத்தான் வந்தது. அத்தை, அதாவது என் மாமியார், அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, “துப்பட்டி நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா நம்ம நாமக்கல் வெயிலுக்கு இதப் போத்திப் படுத்தா மனுசன் அவிஞ்சு போயிருவானே” என்றார். உண்மைதான். எங்கள் ஊரில் மார்கழியிலேயே ஃபேன் போட்டுத்தான் படுப்போம். யாராலும் போர்த்த முடியாத ஒரு போர்வையும், மூன்று பை துணியும் என் கணக்கில் சேர்ந்தன.

புத்தி உள்ளவள் அத்தோடு நிறுத்தியிருப்பாள். நான் மிச்சத்தைத் தீர்க்க ஆரம்பித்தேன். மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, டிவி ரிமோட்டுக்குச் சட்டை, தண்ணீர் கேனுக்குத் தொப்பி. எங்கள் நாய்க்கு ஒரு மேலங்கி தைத்துப் போட்டேன். அது வாழ்க்கை வெறுத்துப் போய் இரண்டு நாள் தென்னைக்குப் பின்னாலேயே இருந்தது. எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. எங்கூட்டுக்காரர் தீவனம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, தன் காபி டம்ளருக்கும் ஒரு ஜிகினா வைத்த கைப்பிடி வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னும் கோழிக்கு மட்டுந்தான் சட்டை தைக்கல” என்றார். (அந்த யோசனை எனக்கும் வந்தது. ஆயிரக்கணக்கில் தைக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.)

இது போதாதென்று வெளியிலிருந்தும் துணி வர ஆரம்பித்தது. எனக்குப் பிறந்த ஊர் திருச்செங்கோடு. அங்கே எங்கள் அம்மா வீட்டுத் தெருமுனையில் ஒரு ஜென்ட்ஸ் டெய்லர் கடை. ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போனபோது, “அண்ணா, வெட்டுத்துணி ஏதாச்சும் கீழ போடறதுன்னா எனக்குக் குடுங்க” என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த முறை போனபோது கடையில் டெய்லர் இல்லை. அவர் சம்சாரம்தான் இருந்தார். பாவம், நல்ல மனசு. மூலையில் கிடந்த வெட்டுத்துணி மூட்டையைக் கொடுத்ததோடு நிற்காமல், மிஷினுக்கு அடியில் கையை விட்டு, அங்கே பத்திரமாகச் சொருகியிருந்த இன்னொரு பையையும் எடுத்து, “இதையும் எடுத்துட்டுப் போங்க அம்மிணி, எடத்த அடைச்சிட்டு கெடக்குது” என்று கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் அந்த இரண்டாவது பையில் இருந்தது வெட்டுத்துணியே இல்லை. முழுத்துண்டுகள். அதிலும் ஒன்று, மாந்தளிர்ப் பச்சையில் காவிக்கட்டம் போட்ட சட்டைத்துணி, மீட்டருக்கு மேலேயே இருந்தது. யாரோ தாராளமான ஆள், வேண்டாமென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். டெய்லர் கடையில் துணியை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகிற மனிதன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை.

இப்போது கொழுந்தனார் கதைக்கு வருகிறேன். சரவணன் தங்கமான பையன். பீடி, சிகரெட், சீட்டாட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் தோட்டம், பண்ணை என்று இருக்கிற பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. “பண்ணைங்களா? கோழி வாசம் அடிக்குமே”, “பையன் பெங்களூருல இருந்தாச் சொல்லுங்க” என்றே வருஷம் வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோவுக்காக அவன் ஒவ்வொரு வருஷமும் தலைமுடியை ஒவ்வொரு விதமாக வாரிப் பார்த்தான். கடைசியில் வாருவதற்கே முன்பக்கம் ஆள் குறைந்துவிட்டது. வெளியே சிரித்துக்கொண்டே இருப்பான். ஆனால் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பெண் வீட்டார் தனி ரூம், அட்டாச்சுடு பாத்ரூம் என்று கேட்கிறார்கள் என்று தரகர் சொன்னதால் மாடியில் புதிதாக ரூம் கட்ட ஆரம்பித்தோம். ரூஃப் போட்டதும் கொத்தனார் வந்து, “ஏனுங்க, ரோட்டுல போறவீக கண்ணெல்லாம் மேலதான் இருக்குது. ஒரு திருஷ்டி பொம்மை கட்டிருங்க” என்றார். எங்கள் பக்கம் கட்டடம் எழும்பினால் அதன் நெற்றியில் ஒரு பொம்மை தொங்கும். பழைய பேன்ட் சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, தலைக்குப் பதிலாக ஒரு பானையைக் கவிழ்த்து, பார்க்கிறவன் பயப்படுகிற மாதிரி மூஞ்சி வரைந்து கட்டிவிடுவார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அத்தனை பை மிச்சத்துணியும் ஒரே பொம்மையின் வயிற்றுக்குள். “வைக்கோல் எதுக்குங்க? நானே செஞ்சு தாரேன்” என்றேன்.

அங்கேதான் விதி சிரித்தது. பயமுறுத்துகிற பொம்மை செய்ய வேண்டியவள், கைவேலைப் பெருமையில் ஒரு மனிதரையே செய்துவிட்டேன். ஐந்து விரல் வைத்த கை. நூலில் தைத்த கண். கறுப்புச் சேலைக் குஞ்சத்தில் அடர்த்தியாக ஒரு மீசை. துணியெல்லாம் தீர வேண்டுமே என்று வயிற்றில் திணி திணி என்று திணித்ததில் வசதியான ஒரு தொப்பை. பத்து வயசுப் பிள்ளை உயரம், நாற்பது வயசு ஆள் அகலம். அதற்குமேல் அந்த மாந்தளிர்ப் பச்சைக் கட்டத்துணியில் காலர், கஃப், இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்து ஒரு முழுக்கைச் சட்டை. துணி தாராளமாக இருந்ததால் தாராளமாகவே தைத்தேன்.

அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏஞ்சாமி, திருஷ்டி பொம்மைன்னா பாக்கறவன் பயப்படோணும். இது என்ன, கும்புடு போட்டு உக்காரச் சொல்லோணும்கற மாதிரி இருக்குது?” என்றார். முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் நிஜமாகவே அதைப் பார்த்து, “ஓனருங்களா?” என்று கேட்டார். கொத்தனார் முதலில் இடுப்பில்தான் கயிறு கட்டினார். தொப்பை கனத்தில் பொம்மை தலைகீழாகத் தொங்கியது. அதனால் கழுத்தில் கட்டி, பால்கனிக்கு முன்னால் தொங்கவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அந்த நேரத்தில்தான் சரவணனுக்கு ஒரு இடம் கூடி வந்தது. பெண் கார்த்திகா, நாமக்கல்லில் பள்ளிக்கூட டீச்சர். பையனோடு போனில் பேசிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஜாதகமும் பொருந்திவிட்டது. அவளுடைய அப்பா திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர். ஒரே பெண் என்பதால், வீடு வாசலைத் தானே ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. பொம்மையைக் கழற்றிவிடலாமா என்று எங்கூட்டுக்காரர் கேட்டார். “ஒறம்பரை சனம் வர்றப்பத்தான் கண்ணு அதிகமா படும், இருக்கட்டும்” என்று அத்தை சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒப்புட்டு என்கிற போளி, பணியாரம், வடை, பாயசம், சாப்பாடு எல்லாம் தயார். சரவணன் மூன்று முறை சட்டை மாற்றிவிட்டான். “அண்ணி, இந்தத் தடவையும் கை நனைக்காமப் போயிட்டாங்கன்னா நான் இனி இதுக்கு உக்கார மாட்டேன். பண்ணையே போதும்” என்றான். விஷயம் இதுதான்: பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று எங்கள் பக்கம் வழக்கம். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள் ஏகப்பட்ட பேர். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “இன்னைக்குப் பாரு, ரெண்டாவது பந்திக்கு எல பத்தாது” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

கார் வந்து போர்டிகோவில் நின்றது. முன்கதவு திறந்தது. முதலில் ஒரு தொப்பை இறங்கியது. பிறகு ஒரு மீசை. இரண்டையும் சுற்றி, மாந்தளிர்ப் பச்சையில் காவிக்கட்டம் போட்ட ஒரு சட்டை.

‘அட கெரகமே’ என்று மனசு சொன்னது. வாய் மட்டும் தானாக, “வாங்க, வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல காலம், போர்டிகோ மறைத்ததால் அவர் மேலே பார்க்கவில்லை. அவருடைய சம்சாரமும் இறங்கினார். இருவரையும் கோழிக்குஞ்சை ஓட்டுகிற மாதிரி உள்ளே ஓட்டி உட்கார வைத்தேன்.

உட்கார்ந்தவர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். தீவனம் என்ன விலை, முட்டைக்கு என்ன விலை, எத்தனை அடியில் தண்ணீர் என்று எங்கூட்டுக்காரரோடு பேசினார். சரவணனைப் பார்த்து, “தம்பி நல்லா இருக்கறாருங்க” என்றார். அத்தை அந்தச் சந்தோஷத்தில், “மாடில உங்க பொண்ணுக்குன்னே ரூமு கட்டறமுங்க. வாங்க, பாத்துப்புட்டு வந்து எலையில உக்காரலாம்” என்றாரே பார்க்கலாம்!

“இருங்க, மேல கொத்துவேலைத் தூசி, நான் பெருக்கிட்டு வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய், பால்கனியில் எட்டிக் கயிற்றைப் பிடித்தேன். அவிழவில்லை. கொத்தனார் சாரம் கட்டுகிற முடிச்சுப் போட்டிருந்தார். அறுக்கக் கத்தி இல்லை. சட்டையையாவது கழற்றலாம் என்று பார்த்தால், காற்றில் பறக்கக் கூடாதென்று அதை உடம்போடு சேர்த்து ஊசித்தையல் போட்டு வைத்திருக்கிறேன், புத்திசாலி! கீழே படியில் ரிக்காரருடைய இருமல் கேட்டது. எங்கே போவேன், யாரைக் கூப்பிடுவேன்?

அப்போது அந்தப் போர்வை கண்ணில் பட்டது. தூசி படாமல் இருக்கட்டும் என்று புது ரூம் கதவு மேல் போட்டு வைத்திருந்த என்னுடைய ஒட்டுப்போர்வை. எடுத்து வீசி, பொம்மையைத் தலையோடு கால் மூடினேன்.

ஒரு நொடிதான் நிம்மதி. தள்ளி நின்று பார்த்தேன். முன்பு அது தொங்குகிற பொம்மையாக இருந்தது. இப்போது கழுத்தில் கயிற்றோடு, துணி போர்த்தி, தொப்பை முன்தள்ளி, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு… ஐயோ, அசல் பிணமேதான்!

மேலே வந்த அந்த அம்மா முதலில் பார்த்து, “ஆத்தா! அதென்னங்க அது!” என்று கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க, வாங்க பாத்ரூமப் பாக்கலாம்” என்றேன். பாத்ரூமில் இன்னும் கதவுகூட வைக்கவில்லை.

எங்கூட்டுக்காரர் இருக்கிறாரே, கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருநாளும் நாலு பேர் முன்னால் பாராட்டியதே இல்லை. அன்றைக்குப் பார்த்து அந்த ஆசை வந்துவிட்டது. “பயப்படாதீங்க, திருஷ்டி பொம்மைதானுங்க. என்ற ஊட்டுக்காரி கையாலயே செஞ்சது. அசல் மனுசனாட்டமே இருக்கும் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே, விழாவில் திரை விலக்குகிற மாதிரி போர்வையைப் பிடித்து உருவினார்.

உருவிய வேகத்தில் பொம்மை சுற்றியது. முதலில் முதுகு தெரிந்தது. பிறகு பக்கவாட்டில் தொப்பை. பிறகு மெதுவாகத் திரும்பி, மீசையோடு ரிக்காரரை நேருக்கு நேர் பார்த்து நின்றது.

அவர் பொம்மையைப் பார்த்தார். குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மறுபடி பொம்மையின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். கை தானாகப் போய்த் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

“ஏனுங்க,” என்றார் மிக மெதுவாக, “இது நானுங்களா?”

“இல்லீங்க!” என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். அத்தனை பேரும் சேர்ந்து கத்தினால் யார்தான் நம்புவார்கள்?

“பொண்ணுக் கேட்டீங்க, ஊடு பாக்க வந்தேன். புடிக்கலைன்னா வராதீங்கன்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு என்னயத் தூக்குல போட்டா வெப்பீங்க?” குரல் ஏறிக்கொண்டே போனது. “துணி மொதக்கொண்டு பாத்து எடுத்திருக்கறீங்க! கெளம்பு அம்மிணி, போலாம்.”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். (அழுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.) அத்தை, “சாமி, சாமி, நெசமாலுமே தெரியாதுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கேட்கவில்லை, தடதடவென்று படி இறங்கினார். படியின் அடியில் சரவணன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நின்றுகொண்டிருந்தான். வழி விட்டு ஒதுங்கி நின்றான். அவன் அப்படி ஒதுங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. எத்தனை வருஷமாக ஒதுங்கி ஒதுங்கிப் பழகிவிட்டான்! என் கைவேலை மண்ணாப்போக, என் மிச்சத்துணி தீப்பிடிச்சு எரிய என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடிப்போய், கார் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

“நில்லுங்க! என்ன வேணும்னாலும் பேசுங்க, ஆனா சித்த கேட்டுட்டுப் போங்க. பொம்மை செஞ்சது நானு. மீசை என்ற சேலைக் குஞ்சம். தொப்பையில இருக்கறது என்ற ஜாக்கெட் வெட்டுத்துணி. அந்தச் சட்டைத்துணி திருச்செங்கோட்டுல டெய்லரு கடை மிச்சத்துணியில வந்ததுங்க. ஆரோடதுன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. என்ற தப்புக்கு அந்தப் பையன வேண்டாம்னு சொல்லீராதீங்க!”

கார் கதவில் வைத்த கையை அவர் எடுத்தார். “எந்த டெய்லரு?”

சொன்னேன்.

“மிச்சத்துணியா?”

“ஆமாங்க.”

“என்ற துணியில மிச்சமா?” என்றார். முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. திடுதிடுவென்று திரும்பவும் மாடிக்கு ஏறினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். அவர் பால்கனியில் எட்டி, பொம்மையின் கையைப் பிடித்து இழுத்து, விரல் நுனி வரை தடவிப் பார்த்தார். பிறகு இடி இடித்த மாதிரி ஒரு சத்தம்.

“முழுக்கை!”

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“தீவாளிக்கு மூணு மீட்டரு எடுத்துக் குடுத்தேன். முழுக்கை வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். துணி பத்துலீங்க, அரைக்கைதான் வரும்னான். எனக்கு அரைக்கை! பொம்மைக்கு முழுக்கை!” தன் சட்டையை இரண்டு பக்கமும் தட்டினார். “எனக்கு ஒரு பாக்கெட்டு. இதுக்கு ரெண்டு!”

பிறகு சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலில் நாலைந்து மாதக் கணக்கு இருந்தது. “நீ என்ன சொன்ன? ‘டெய்லரு என்ன பண்ணுவாரு, உங்க தொப்பைக்கு மூணு மீட்டரு எங்க பத்தும்’னு சொன்னயா இல்லயா? அன்னிக்கிருந்து என்னயத் தட்டுல ரெண்டு தோசைக்கு மேல போட உட்டயா? இப்பப் பாரு! என்ற தொப்பையும் போவ, மிச்சத்துணியில இன்னொரு தொப்பைக்கும் பத்தியிருக்குது!”

அந்த அம்மா அதுவரைக்கும் பொத்தி வைத்திருந்த சிரிப்பு இப்போது வெடித்தது. அழவே இல்லை அவர், மாடியில் பொம்மை திரும்பிய நேரத்திலிருந்தே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மாமா, சத்தியமா உங்களாட்டமேதான் இருக்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரித்தார். அத்தைக்குத் தொற்றிக்கொண்டது. எங்கூட்டுக்காரர் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அழுதுகொண்டே நின்றேன்.

“அம்மிணி, இஞ்சு டேப்பு இருக்குதா?” என்று ரிக்காரர் என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பொம்மையின் மார்பு, கை, தொப்பை எல்லாவற்றையும் தானே அளந்தார். அளக்க அளக்க அவர் முகம் நோம்பிக்குப் புதுத்துணி வாங்கின குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் டேப்பைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “இந்தப் பொம்மைய அவுத்துக் குடுங்க. நேரா அவன் கடைக்கே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு அவன நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கோணும். அதுக்கு முன்னால எலையப் போடுங்க. வெறும் வயித்துல சண்டை போட முடியாது.”

சரவணன் அத்தனை வேகமாக வாழை இலை போட்டு நான் பார்த்ததே இல்லை. ரிக்காரர் உட்கார்ந்தார். ஒப்புட்டில் நெய்யை ஊற்றிக்கொண்டார். டெய்லரைத் திட்டிக்கொண்டே இரண்டு ஒப்புட்டு, திட்டு தீராததால் இன்னொன்று. அத்தை சாமி படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்றாவது ஒப்புட்டு பாதியில் இருக்கும்போது அந்த அம்மா மெல்லக் குனிந்து, “ஏனுங்க மாமா, கை நனைச்சுட்டீங்களே” என்றார்.

அவர் கை அப்படியே நின்றது. இலையைப் பார்த்தார், எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார், கடைசியில் ரசவாளியோடு நின்ற சரவணனைப் பார்த்தார்.

“நனைச்சது நனைச்சதுதான்,” என்றார். “ரசத்த ஊத்துங்க மாப்ள.”

சரவணன் ஊற்றினான். இலையில் பாதி, அவர் வேட்டியில் பாதி.

பொம்மை அன்றைக்குக் காரின் முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு திருச்செங்கோடு போயிற்று. அந்த அம்மா பின்சீட்டில். கடையில் என்ன நடந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. தான் ஒளித்து வைத்த துணியில், தான் தைக்காத ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, கஸ்டமரே குட்டையாகி வந்து நிற்கிற மாதிரி வாசலில் ஒரு உருவத்தைப் பார்த்ததும் டெய்லர் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டாராம். சொன்னது எங்கள் அம்மா, தெருவே கூடி நின்று பார்த்ததாம். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டு ஆண்களுக்கும் அந்த டெய்லர்தான் கூலி இல்லாமல் சட்டை தைத்தார். எல்லாம் முழுக்கை. சித்திரை வெயிலில் அத்தனை பேரும் அந்த முழுக்கைக்குள் வெந்துகொண்டு நின்ற போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது.

கார்த்திகா இப்போது எனக்கு ஓரகத்தி. நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சரவணனும் அவளும் மாடி ரூமிலிருந்து சிரிக்கிற சத்தம் கீழே அடுப்படி வரைக்கும் கேட்கும், எனக்கும் சேர்ந்து சிரிப்பு வரும். அவளுடைய அப்பா இன்றைக்கும் டெய்லர் கடைக்குப் போனால் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெட்டின துணியில் நூல் அளவு மிச்சம் விடாமல் கேட்டு வாங்கி, கவரில் போட்டு எனக்குக் கொண்டுவந்து தருகிறார். அவரைப் பார்த்து அவருடைய பங்காளிகளும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் இப்போது குயில்ட் தைப்பதை நிறுத்திவிட்டேன், துணி வருவது நிற்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிற விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கார்த்திகாவின் வளைகாப்புக்கு அவர்கள் சொந்தத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சம்பந்தி அவரைக் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டி வந்து, “மாப்ள, இந்த அம்மிணியப் பாத்துக்கங்க. இவீகதான் என்னயத் தூக்குல தொங்க உட்டது” என்றார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்படிங்களா அம்மிணி?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.